அப்பாவின் மாத்திரையும் வேலியோர கார்த்திகைப்பூவும்

காலை ஆறே முக்காலுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். எங்கள் வீட்டில் நல்ல சேதி எல்லாம் சாயந்திரம், அப்பா தோட்டத்தில் இருந்து வந்து கை கால் கழுவிய பிறகுதான் வரும். விடியற்காலை போன் என்றால் வேறு கதை.

போன ஐப்பசியில் அப்படி ஒரு போன்.

"பாப்பா, அப்பாவுக்கு முந்தாநேத்து ராத்திரியில இருந்து வயித்தால போகுது. நேத்து வாந்தியும் சேர்ந்துகிச்சு. இப்ப கட்டில்ல இருந்து எழுந்திரிக்க முடியலங்கறாரு. காலைத் தூக்கவே வரலையாம்."

"காலா? வயித்துக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதாம்மா எனக்கும் தெரியல."

அன்று மதியம் கிடைத்த ரயிலைப் பிடித்து மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. அப்பா கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. 58 வயதில் மூட்டை மூட்டையாகத் தக்காளிப் பெட்டியை டெம்போவில் ஏற்றும் மனிதர், தலையணையில் இருந்து தலையைத் தூக்கக் கஷ்டப்பட்டார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "லீவு குடுத்தாங்களா கண்ணு?"

இது அப்பாவின் கதைதான். ஆனால் இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணி மேல பழி

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். தக்காளி, ராகி, கொஞ்சம் நிலக்கடலை. எங்கள் பக்கம் யாருக்காவது மூட்டு வலித்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் விழும். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். வயதானால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இந்தக் கஷ்டத்துக்காகவே ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் அப்பா வயதுக்காரர்கள் சிரித்தால் அந்தப் பழைய தண்ணீர் பல்லில் தெரியும்.

அதனால் அப்பாவின் கால் கட்டைவிரல் ஒரு ராத்திரி திடீரென்று சிவந்து, பெட்ஷீட் பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலித்தபோது, "தண்ணிதான், வேற என்ன" என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். பிறகு ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இது தண்ணீர் வேலை இல்லை, யூரிக் ஆசிட் என்றார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் மிஞ்சினால் அது மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். உடம்பின் வெள்ளை அணுக்கள் அதை எதிரி என்று நினைத்துப் படையெடுத்து வரும். அந்தச் சண்டைதான் வலி. கௌட் என்பார்கள்.

வலி வரும் நாட்களுக்கு என்று ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரை மில்லிகிராம். நெல்லைவிடச் சின்னது. போட்டால் ஒன்றிரண்டு நாளில் வலி இறங்கிவிடும். அப்பாவுக்கு அந்த மாத்திரையின் பெயர் தெரியாது. காலி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெடிக்கலில் காட்டுவார், கொடுப்பார்கள். சீட்டெல்லாம் கிடையாது. இப்படியே நாலு வருடம்.

போன ஐப்பசியில் அவருக்கு வலியும் இருந்தது, நெஞ்சுச் சளியும் இருந்தது. சளிக்கு வேறு ஒரு டாக்டரிடம் போனார். அவர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். "வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று அவர் கேட்டாரா, கேட்டதற்கு அப்பா இல்லை என்று சொன்னாரா, இன்றுவரை தெளிவாகத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால், "கால் வலிக்குப் போடறதெல்லாம் ஒரு மாத்திரையா? அதைப் போய் என்னத்த சொல்றது" என்கிறார்.

மூன்றாம் நாள் ராத்திரி வயிற்றால் போக ஆரம்பித்தது.

மேஜை மேல் ஏழு அட்டைகள்

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வயிற்றுப்போக்குக்கும் கால் தூக்க முடியாததற்கும் சம்பந்தம் தேடிக்கொண்டிருந்தவர், அம்மாவிடம் ஒன்று சொன்னார்: "வீட்டுல இருக்கற மாத்திரை அட்டை எல்லாத்தையும் கொண்டாங்க. பழசு, புதுசு, காலி, எதையும் விடாதீங்க."

சித்தப்பா பைக்கில் போய் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார். ஏழு அட்டைகள். டாக்டர் அவற்றை மேஜை மேல் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக வைத்தார். அதில் இரண்டை மட்டும் தனியே நகர்த்தினார். ஒன்று சளிக்குக் கொடுத்த கிளாரித்ரோமைசின். இன்னொன்று அப்பாவின் கால் வலி மாத்திரை, கோல்ச்சிசின்.

"ரெண்டும் நல்ல மருந்துதான். ரெண்டையும் சேர்த்துப் போட்டதுதான் பிரச்னை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பத்திரிகையில வேலை செய்யறீங்களாமே? இந்தக் கோல்ச்சிசின் எதுல இருக்கு தெரியுமா? உங்க ஊரு வேலியில பூத்திருக்குமே, கார்த்திகைப்பூ, அதுல" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. காரணம் இதுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இணையதளத்தில், கார்த்திகை மாதத்துக்காக ஒரு போட்டோ கார்டு செய்தேன். நெருப்பு மாதிரி சிவப்பும் மஞ்சளுமாகச் செங்காந்தள் படம். "நம் மாநில மலர் பற்றி 5 தகவல்கள்." நாலாவது தகவல்: "இதன் கிழங்கு மூட்டுவலிக்கு அருமருந்து." எங்கேயோ படித்ததை அப்படியே போட்டுவிட்டேன். பதினைந்து நிமிட வேலை. நன்றாக ஷேர் ஆனது. எங்கள் குடும்ப குரூப்பில் அப்பாவே, "எங்க பாப்பா எழுதுனது" என்று பெருமையாகப் போட்டார். டீக்கடையில் அவர் கூட்டாளி ஒருவர், "கெழங்கைத் தோண்டிக் கஷாயம் வெச்சுக் குடிக்கலாமா, உம் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லு" என்றதை அப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நினைவுக்கு வந்தது. அன்று நானும் சிரித்தேன்.

அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும். சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆயாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இது தெரியும். கலப்பை மாதிரி வளைந்து இருப்பதால் அதைக் கலப்பைக்கிழங்கு என்பார். வேலி ஓரம் களை வெட்டும்போது மண்வெட்டியில் அது வெட்டுப்பட்டால், துண்டைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மண் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எங்களைத் தொடுவார். "பூவைப் பாரு, பறிக்காத. கெழங்கைப் பாக்கவே பாக்காத" என்பார். டிப்ளமோ ஜர்னலிசம் படித்த எனக்கு அது மறந்துபோய்விட்டது.

பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பது

அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலாம் நாள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வேகமாக இறங்கின. கோல்ச்சிசினுக்கு மாற்று மருந்து என்று உடனே கொடுக்க எதுவும் கையில் கிடையாது, டயாலிசிஸ் செய்தாலும் வெளியேறாது, உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காத்திருப்பில், வராந்தாவில் உட்கார்ந்து போனில் படிக்க ஆரம்பித்தேன். முதலில் பயத்தில். பிறகு, இவ்வளவு பெரிய கதை நம் வேலி ஓரத்தில் இருந்திருக்கிறதே என்ற ஆச்சரியத்தில்.

கோல்ச்சிசினை முதலில் பிரித்தெடுத்தது 1820-ல், பிரான்ஸில், பெல்லெத்தியே, காவெந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள். அவர்கள் எடுத்தது கோல்ச்சிகம் என்ற ஐரோப்பியச் செடியில் இருந்து. நம் செங்காந்தளிலும் அதே பொருள் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று புரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

1937-ல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இருவர் ஊமத்தைச் செடியில் கோல்ச்சிசினைத் தடவிப் பார்த்தார்கள். நம் ஊமத்தையின் சொந்தக்காரச் செடிதான். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிப்பாகி, பிறகு ஆளுக்குப் பாதியாகப் பங்கு பிரியும். கோல்ச்சிசின் பட்ட செல்லில் இரட்டிப்பு நடந்தது, பங்கு பிரிவது நின்றுபோனது. விளைவு, இரண்டு மடங்கு குரோமோசோம் உள்ள செடி. நாம் கோடையில் வாங்கும் விதையில்லாத் தர்பூசணிக்கு ஜப்பானில் கிஹாரா என்ற விஞ்ஞானி வழி கண்டதும் இதே கோல்ச்சிசினை வைத்துத்தான்.

அடுத்தது இன்னும் பெரிது. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று முப்பது வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் செல்களைக் கோல்ச்சிசினால் சரியாகப் பிரிகிற நேரத்தில் நிறுத்தி, குரோமோசோம்களைப் பரப்பி எண்ணினார்கள். 46. அது 1956-ல் வெளியானது. இன்று கர்ப்பிணிகளுக்குக் குழந்தையின் குரோமோசோம் சோதனை செய்கிறார்களே, அதன் தொடக்கம் இந்த எண்ணிக்கைதான்.

சரி, கோல்ச்சிசின் செல்லுக்குள் யாரைப் பிடித்து நிறுத்துகிறது? 1967-ல் சிகாகோவில் கேரி போரிஸி, எட்வின் டெய்லர் இருவரும் கதிரியக்கக் குறி வைத்த கோல்ச்சிசினை அனுப்பி, அது யாரோடு ஒட்டிக்கொள்கிறது என்று தேடினார்கள். மாட்டியது அதுவரை பெயரில்லாத ஒரு புரதம். அடுத்த வருடம் அதற்கு டியூபுலின் என்று பெயர் வைத்தார்கள். செல்லுக்குள் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கயிறு அந்தப் புரதத்தால் ஆனது. கோல்ச்சிசின் ஒட்டினால் கயிறு திரிக்க முடியாது. மூட்டு வீக்கத்தை நோக்கி ஓடிவரும் வெள்ளை அணுவுக்கும் அந்தக் கயிறு வேண்டும். அதனால்தான் அப்பாவின் கட்டைவிரல் வலி இறங்கியது. டியூபுலின் கோல்ச்சிசினைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பெரியது. யானைக் காதில் எறும்பு.

இதை எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அங்கே வரிசையாகப் பியூஸ் கட்டைகள் இருக்கும். எது எந்த லைனுக்கு என்று யாரும் எழுதி வைத்ததில்லை. சித்தப்பா ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். பம்ப் நின்றால் அது பம்ப்புக்கு. களத்து லைட் அணைந்தால் அது லைட்டுக்கு. திரும்பச் சொருகினால் பழையபடி ஓடும்.

மரபணு ஒவ்வொன்றும் ஒரு புரதத்துக்கான குறிப்பு. அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி, மரபணுவையே அழித்துப் பார்ப்பது. அது ஒயரையே வெட்டுவது மாதிரி. இன்னொரு வழி, புரதத்தில் போய் ஒட்டும் ஒரு சின்ன மூலக்கூறை உள்ளே விடுவது. வேலை நிற்கும், பார்க்கலாம். கழுவிவிட்டால் பல நேரம் மறுபடி ஓடும். இதை வேதி மரபியல் என்கிறார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. புரதத்தை நிறுத்தத் தெரிந்த மூலக்கூறு கையில் இருந்தால், மருந்துக்குப் பாதி வழி வந்தாயிற்று.

1999-ல் ஹார்வர்டில் இதையே ஒரு பெரிய தேடலாகச் செய்தார்கள். தருண் கபூர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் அந்தக் குழுவில் இருந்தார். 16,000-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் செல்கள் மேல் போட்டுப் பார்த்து, செல் பிரிவதை நிறுத்துகிற, ஆனால் டியூபுலினைத் தொடாத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மோனாஸ்ட்ரால் என்று பெயர். அது நிறுத்தியது கயிறுகளை இருபுறமும் தள்ளி வைக்கிற ஒரு மோட்டார் புரதத்தை. அந்தப் புரதத்துக்கு என்ன வேலை என்பதும் செல்லிலேயே தெரிந்தது. அதே புரதத்தைக் குறிவைத்த புற்றுநோய் மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கும் அளவுக்கு வந்தன. மெடிக்கல் ஷாப் வரை இன்னும் வரவில்லை. கண்டுபிடிப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது.

வாசலில் நிற்கும் காவல்காரர்

இவ்வளவு படித்தும் என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நாலு வருடம் ஒன்றும் செய்யாத மாத்திரை, ஒரு சளி மாத்திரை கூடச் சேர்ந்ததும் ஏன் விஷமானது?

அதற்கான பதிலும் கோல்ச்சிசினே கண்டுபிடித்துக் கொடுத்ததுதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது இந்த இடத்தில்.

கனடாவில், டொரன்டோவில், வெள்ளெலிச் செல்களைக் கோல்ச்சிசினில் வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை செத்துப்போயின. சில பிழைத்தன. பிழைத்தவற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் கொடுத்தார்கள். அப்போதும் சில பிழைத்தன. வேடிக்கை என்னவென்றால், கோல்ச்சிசினுக்குப் பழகிய அந்தச் செல்கள், அதுவரை பார்த்தே இராத வேறு மருந்துகளுக்கும் அசையவில்லை. 1976-ல் ரூடி ஜூலியானோ, விக்டர் லிங் இருவரும் காரணத்தைக் கண்டார்கள். பிழைத்த செல்களின் மேல்தோலில் ஒரு பெரிய புரதம் ஏராளமாக இருந்தது. பி-கிளைகோபுரோட்டீன் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே நுழையும் வேண்டாத பொருளைப் பிடித்து வெளியே தள்ளும் பம்ப் அது. மனிதரில் அதற்கான மரபணு 1986-ல் பிடிபட்டது. அந்த வேட்டைக்கும் கோல்ச்சிசினுக்குப் பழகிய மனிதச் செல்கள்தான் உதவின.

நம் உடம்பில் இந்தப் பம்ப் குடல் சுவரில், கல்லீரலில், சிறுநீரகத்தில், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் எல்லாம் இருக்கிறது. அப்பா தினமும் போட்ட மாத்திரையில் ஒரு பகுதியைக் குடலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டு, ரத்தத்துக்குள் அளவோடு மட்டும் விட்டுக்கொண்டு, நாலு வருடமாக அவருக்குக் காவல் நின்றது அதுதான்.

இந்தப் பம்ப்பின் வேலை எவ்வளவு பெரியது என்பது நெதர்லாந்தில் தற்செயலாகத் தெரிந்தது. அங்கே ஆல்ஃப்ரெட் ஷின்கெல் குழுவினர் இந்த மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். எலிகள் சாதாரணமாகத்தான் இருந்தன. ஒன்றும் குறையில்லை. எலிக்கூண்டில் பூச்சித் தொல்லை வந்தது. வழக்கமாக அடிக்கிற ஐவர்மெக்டின் மருந்தை அடித்தார்கள். மற்ற எலிகள் நன்றாக இருக்க, மரபணு நீக்கிய எலிகள் மட்டும் செத்துப்போயின. மூளை வாசலில் காவல் இல்லாததால் மருந்து உள்ளே போய்விட்டது. 1994-ல் இது வெளியானது. மரபணுவை எடுத்ததால் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மருந்து மேலே பட்டபோதுதான் அதன் வேலை தெரிந்தது. கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் ஏன் ஆகாது என்ற பழைய கேள்விக்கும் இதே மரபணுவில்தான் பதில் கிடைத்தது. நாய் வளர்ப்பவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அப்பாவுக்கு மரபணுவில் குறை இல்லை. கிளாரித்ரோமைசின் அந்தப் பம்ப்பை அடைத்துவிட்டது. கோல்ச்சிசினைச் சிதைத்துக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு, அதையும் முடக்கிவிட்டது. அதே ஒரு மில்லிகிராம்தான் அப்பா போட்டார். உடம்புக்குள் அது பல மடங்கு வேலை செய்தது.

இது எங்கள் அப்பாவுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2009-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு கணக்கெடுத்தபோது, கோல்ச்சிசின் மாத்திரையோடு தொடர்புடைய 169 மரணங்கள் தெரியவந்தன. அதில் 117 பேர் அதிகமாக விழுங்கியவர்கள் இல்லை. மருந்தாகச் சாப்பிடும் அளவில்தான் எடுத்திருந்தார்கள். அந்த 117-ல் 60 பேர் கூடவே கிளாரித்ரோமைசின் சாப்பிட்டவர்கள். இதைப் படித்தபோது வராந்தாவில் இருந்து எழுந்து போய் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

சுடுகாட்டு மல்லி

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவரின் பேத்திக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய்க்கு வெளியூரில் சிகிச்சை எடுத்துத் தேறியவள். தாத்தாவைப் பார்க்க வந்தவள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின் என்று அவள் அம்மா சொன்னார். அது நித்தியகல்யாணியில் இருந்து வருவது. எங்கள் பக்கம் அதைச் சுடுகாட்டு மல்லி என்போம். யாரும் தலையில் வைக்க மாட்டோம். அதுவும் அதே டியூபுலின் கயிற்றில் வேறொரு இடத்தைப் பிடித்து, புற்றுச்செல் பிரியாமல் தடுக்கிறது. புற்றுச்செல்கள் தப்பிக்கும் வழிகளில் ஒன்று, மேலே சொன்ன அந்தப் பம்ப்பை நிறையச் செய்து மருந்தை வெளியே தள்ளுவது. அப்பாவுக்குக் காவல்காரர், அங்கே எதிரிக்கும் காவல்காரர். பம்ப்பை அடைத்துவிட்டு மருந்து கொடுத்தால் என்ன என்று பல சோதனைகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நல்ல செல்களின் காவலும் சேர்ந்து போய்விடுகிறதே.

செங்காந்தளைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் அதைக் கம்பிப் பந்தலில் பயிராகவே செய்கிறார்கள். காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்து, காய் பிடிக்கவைத்து, விதையை விற்கிறார்கள். விலை ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் படுக்கும். உலகத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் வலி அந்த விதையால் தீர்கிறது. 2023-ல் அமெரிக்காவில் இதே கோல்ச்சிசினைத் தினம் அரை மில்லிகிராம் அளவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அனுமதித்திருக்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், கூடப் போடும் மாத்திரைகளைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டால் அது நல்ல மருந்து. கிழங்கைத் தோண்டிக் கஷாயம் வைக்க அளவு கிடையாது. ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு ரூல் போட்ட நோட்டு

ஆறாம் நாள் வெள்ளை அணு எண்ணிக்கை நின்றது. எட்டாம் நாள் ஏறியது. பத்தாம் நாள் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார். வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அம்மா அழுதுவிட்டார். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர், இங்கெல்லாம் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும், அதனால்தான் முதலில் வயிறு, பிறகு ரத்தம், கடைசியாக முடி. திரும்ப முளைக்கும் என்றார். பொங்கலுக்கு நான் போனபோது சின்னப் பையன் மாதிரி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. "திருப்பதி போயிட்டு வந்தேன்னு சொல்லிட்டுத் திரியறேன்" என்றார்.

அந்தப் பழைய போட்டோ கார்டை நீக்கச் சொல்லி, அந்த அலுவலகத்தில் இன்னும் வேலை பார்க்கும் தோழியிடம் கேட்டேன். நீக்கிவிட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை யார் நீக்குவது? போன மாதம்கூட ஒரு அத்தை எனக்கே அனுப்பினார். "இது நான் எழுதுனதுதான் அத்தை. நாலாவது பாயின்ட் தப்பு. யாருக்கும் அனுப்பாதீங்க" என்று எழுதினேன். இப்போது யார் அனுப்பினாலும் அதே பதிலை அனுப்புகிறேன். இந்தக் கட்டுரையும் அதற்குத்தான்.

அப்பாவுக்கு ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அவர் போடும் மாத்திரைகள் எல்லாம் பெயரும் அளவும், அவர் கையெழுத்திலேயே. கோல்ச்சிசினைப் பிரஷர் மாத்திரைக்கும் மேலே, முதல் வரியில் எழுதியிருக்கிறார். அதன் எதிரே சிவப்பு மையில், "புது மாத்திரை எது குடுத்தாலும் இதைக் காட்டு."

பொங்கல் முடிந்து நான் கிளம்பும் அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பஸ் ஏற்றிவிட வந்தவர் வழியில் மெடிக்கலில் வண்டியை நிறுத்தினார். கடைக்காரத் தம்பி வழக்கம்போல மாத்திரையை எடுக்கப் போனான். அப்பா நோட்டைக் கவுன்டர் மேல் விரித்து வைத்தார்.

"இதைப் படிச்சுட்டு எடு தம்பி."

அவன் படித்தான். எடுத்த அட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்கண்ணா" என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் வண்டியை எடுத்தார்.